குளியலறையில் போட்ட சீர்

அந்த மார்பிளை நான் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வட்டாரத்தில் என்னைப் பற்றி வாய் திறக்கிற எல்லாரும், "அண்ணங்கிட்டக் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டு..." என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கவில்லை.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில், எங்கள் கோழிப்பண்ணையை ஒட்டியே வீடு கட்டிக்கொண்டிருந்தோம். பூச்சு வேலை முடிந்து, தரைக்கு என்ன போடுவது என்று நானும் என் வீட்டுக்காரரும் தினமும் பேசிக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் காலையில் அண்ணனுடைய லாரி வந்து வாசலில் நின்றது. அண்ணனுக்கு நாலைந்து லாரி ஓடுகிறது. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போகும், திரும்பும்போது கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு ராஜஸ்தானிலிருந்து வெள்ளை மார்பிள் வந்திருந்தது. டிரைவர் இறங்கி, "அண்ணன் தங்கச்சிக்குச் சீரு குடுத்து உட்டாருங்க. எங்கீங்க எறக்கறது?" என்றார்.

பெரிய பெரிய பலகைகள். இறக்கி மதில் சுவரில் சாய்த்தார்கள். பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "இப்படியொரு அண்ணன் யாருக்குங்க கெடைக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். நான் திரும்பி உள்ளே போய்விட்டேன்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் அதே அண்ணன் ஒரு பத்திரத்தை அனுப்பியிருந்தார். எங்கள் அப்பா உயில் எதுவும் எழுதாமல் செத்துப்போனார். நாலு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு. அதில் எனக்குள்ள பங்கை வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளிகூட வைத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. பெண்பிள்ளைக்கும் பங்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. அதை அவளாகவே சிரித்த முகத்தோடு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று சாதிசனம் சொல்கிறது. எழுதிக் கொடுத்தால் பொங்கலுக்குச் சீர் வரும், பிள்ளை கல்யாணத்துக்குத் தாய்மாமன் வந்து முன்னால் நிற்பார், செத்தால் பிறந்த வீட்டுக் கோடித் துணி வரும். எழுதிக் கொடுக்காவிட்டால் ஒன்றும் வராது, பேச்சும் வராது. எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாரும் எழுதிக் கொடுத்தவர்கள்தான். அண்ணன் போனில் கேட்டபோது, "படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேனுங்ணா" என்று சொன்னேன். படித்துப் பார்க்கிறேன் என்றவளுக்குத்தான் லாரி நிறையப் பதில் வந்தது.

கல் பதிக்கிற மேஸ்திரி ஓமலூர்க்காரர். நிறையப் பேசுகிறவர், ஆனால் வேலை தெரிந்து பேசுகிறவர். மறுநாள் வந்து பலகைகளைப் பார்த்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். கையால் அள்ளித் தெளித்தார். காய்ந்திருந்தபோது வழவழவென்று இருந்த பலகையில், ஈரம் பட்டதும் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரிந்தன.

"தண்ணி தெளிச்சாத்தானுங்க கல்லோட யோக்கியதை தெரியும்," என்றார். "வெடிச்ச கல்லுங்க. பசை ஊத்தி அடைச்சு பாலீஷ் போட்டிருக்குது. பின்னாடி வாங்க, காட்டறேன்." பின்பக்கம் முழுக்க வலை ஒட்டியிருந்தது. உடையாமல் வந்து சேரட்டும் என்று ஒட்டுகிற வலையாம். "எவனோ வேண்டாம்னு ஒதுக்குன லோடா இருக்கும்," என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று என் முகத்தைப் பார்த்தார்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். சண்டை என்றால் கோழிக்கு மருந்து வைக்கிற சாக்கில் பண்ணைக்குள் போய்விடுவார். "தானங் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமா? ஹால்ல போட்டுரலாம். நாலு பேரு பாக்கற எடத்துல இருக்கோணும். நாளைக்கு நம்ம புள்ளைக்குக் கல்யாணம்னா தாய்மாமன் வேண்டாமா?" என்றார்.

"மாடு தானமா வந்துச்சா, வெலையா வந்துச்சா?" என்று கேட்டேன். அவர் மருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு பண்ணைக்குள் போய்விட்டார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. கெட்ட யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். சீராக வந்த பொருளை எங்கள் பக்கம் சாமி அறையில் போடுவார்கள், இல்லையென்றால் வாசலில் போடுவார்கள். நான் மேஸ்திரியிடம், "பாத்ரூம்ல போட்டுருங்க. தரைக்கும் செவுத்துக்கும், மொத்தத்தையும்," என்றேன். அண்ணனுடைய பெருமை மேல் தினமும் நின்று சோப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

மேஸ்திரி மன்றாடினார். "வேண்டாமுங்க. இது பாலு மாதிரி கல்லுங்க, எதைக் கொட்டினாலும் குடிச்சுக்கும். நம்ம போர்த் தண்ணி உப்பு. எண்ணெ தேச்சுக் குளிப்பீங்க, மஞ்சப் பூசுவீங்க. குளிக்கற எடத்துக்கு நம்மூருக் கருங்கல்லுதானுங்க சாமி." ஒரு எலுமிச்சம்பழத்தை வாங்கி, உடைந்த துண்டு ஒன்றில் நாலு சொட்டுப் பிழிந்தார். பொசுபொசுவென்று நுரைத்தது. துடைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் ஒளி செத்துப்போயிருந்தது.

எனக்கு அது இன்னும் பிடித்துவிட்டது. எலுமிச்சம்பழத்துக்கே தாங்காத கல்லை அனுப்பித்தான் நாலு ஏக்கரை வாங்கப் பார்த்திருக்கிறார்.

மேஸ்திரி கடைசியில் விட்டுக்கொடுத்தார், ஆனால் அரைகுறையாகச் செய்யவில்லை. தரைக்கு வைத்த பலகைகளின் பளபளப்பைத் தேய்த்து எடுத்து, கால் வழுக்காதபடி மங்கலாக்கிக் கொடுத்தார். தண்ணீர் தேங்கினால் கல் மஞ்சளாகும் என்று தண்ணீர் வடிகிற வாட்டம் சரியாக வருகிறதா எனக் கோலிக்குண்டு உருட்டிப் பார்த்தார். மேலே சீலர் என்று ஒரு மருந்தை இரண்டு தடவை பூசினார். வருடா வருடம் அதைப் பூச வேண்டும், குளித்து முடித்ததும் தண்ணீரை இழுத்துவிட்டு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், காரம் புளிப்பு எதுவும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதுமனை புகுவிழாவுக்கு அண்ணன் தாமதமாக வந்தார். பந்தலில் லாரிக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். "கல்லைப் போட்டாச்சா மாப்ள?" என்று அவர் கேட்டதற்கு, வீட்டுக்காரர் "உள்ள போட்டிருக்குதுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு மோர் கொண்டுவரப் போய்விட்டார். அண்ணன் உள்ளே வந்து பார்க்கவில்லை. போட்டாச்சு என்று தெரிந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. எதற்குப் போதும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அண்ணனை மிதிக்க வேண்டும் என்று போட்ட கல்லுக்கு நான் அடிமையானேன். தலைக்கு அரப்பு தேய்த்துக் குளித்தால் பச்சையாகக் கறை ஏறியது. மஞ்சளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எண்ணெய்க் குளியலை வெளியே மோட்டார் ரூம் குழாயடிக்கு மாற்றினேன். ஷாம்பு பாட்டிலின் அடியில் வட்டம் விழுந்தது என்று அதற்கு ஒரு தட்டு வைத்தேன். விடுதியிலிருந்து லீவுக்கு வந்த மகள், "நாம குளிக்கறதுக்கு பாத்ரூமா, பாத்ரூமுக்காக நாம குளிக்கறமா?" என்று கேட்டாள். நான் அவளைத் திட்டினேன். திட்டிவிட்டு முட்டிபோட்டு மூலையைத் துடைத்தேன்.

இதில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். எங்கள் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். பண்ணையில் கோழி தண்ணீர் குடிக்கிற குழாய்களில் வெள்ளையாகப் பொரிந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் முட்டை ஓய்ந்த கோழிகளைப் பிடித்துக் கொடுத்த பிறகு, புதுக் குஞ்சு விடுவதற்குள் ஆசிட் கலந்து அந்தக் குழாய்களைக் கழுவுவோம். அதே வெள்ளை ஷவருக்குக் கீழே தரையிலும் பொரிந்தது. எத்தனை துடைத்தும் போகவில்லை. கோழி குடிக்கிற குழாய்க்கே ஒன்றும் ஆகவில்லை, கல்லுக்கு என்ன ஆகிவிடும் என்று பண்ணையிலிருந்து ஒரு குவளை எடுத்துவந்து ஊற்றினேன். எலுமிச்சைக்கு நுரைத்ததைக் கண்ணால் பார்த்தவள்தான் நான். இருந்தும் ஊற்றினேன்.

சுர்ரென்று பொங்கியது. முதல் நொடியில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அண்ணனுக்கே வலிக்கிற மாதிரி இருந்தது. கழுவிவிட்டுப் பார்த்தால், நான் நிற்கிற இடம் தோசைக்கல் அகலத்துக்குச் சொரசொரவென்று சுண்ணாம்பாகக் கிடந்தது. அண்ணன் அந்நேரம் எங்கேயோ டயர் மாற்றிக்கொண்டிருந்திருப்பார். மேஸ்திரியை வரவழைத்து இரண்டு நாள் தேய்க்க வைத்தேன். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கல் அழகாக இருந்தது. காலையில் மேல் ஜன்னல் வழியாக வெயில் இறங்கினால் அறை முழுக்க வெளிச்சம் நிற்கும். எனக்கே எனக்கென்று, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, யாரும் கூப்பிடாத அரைமணி நேரம். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

பத்திரம் பீரோவில் கிடந்தது. அண்ணன் இடையிடையே போனில் கேட்பார். நான், "பாக்கறேனுங்ணா," என்பேன். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

போன வருடம் பக்கத்து ஊரில் வீட்டுக்காரருடைய சித்தப்பா இறந்துபோனார். அண்ணனும் அண்ணியும் கேதத்துக்கு வந்துவிட்டு, அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கேதத்துக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். பண்ணையிலிருந்து வருகிறவர்கள் கழுவிக்கொண்டு வரட்டும் என்று எங்கள் குளியலறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு வைத்திருந்தோம். அண்ணி குழாயடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அண்ணனும் அங்கேயே குளித்திருக்கலாம். நான்தான் துண்டை எடுத்துக் கொடுத்து, "பாத்ரூம்லயே குளிச்சுக்குங்ணா, பின்னாடிக் கதவு தொறந்திருக்குது," என்றேன். அவர் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாளாகவோ காத்திருந்தேன்.

சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழுந்தது, நின்றது. பிறகு ஈரத் தலையோடு வந்து ஹாலில் நின்றார்.

"அம்முணி, நாங் குடுத்த கல்லு இங்கதான் போட்டிருக்கறயா?"

"ஆமாங்ணா."

"மொத்தமுமா?"

"மொத்தமுந்தானுங்ணா. தரைக்கும் செவுத்துக்கும் செரியா இருந்துச்சு."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்துவதற்கு என்னென்ன பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் சிரித்தார். நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, "எங்க போட்டா என்ன? போட்டுக்கிட்டயல்ல," என்றார். "சீரை வாங்கி ஊட்டுக்குள்ள பதிச்சுக்கிட்ட. ரெண்டு வருசமா அது மேல நின்னு தண்ணி ஊத்திக்கற. சனம் பூராத்துக்கும் தெரியும். பொறவென்ன, கையெழுத்தைப் போட வேண்டியதுதான?"

அண்ணி பையைத் திறந்து புதிதாக ஒரு பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தாள். எழவு வீட்டுக்கு வந்தவர்கள் பையில் பத்திரத்தோடு வந்திருக்கிறார்கள்.

எதிரிக்குச் சகுனத் தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதைதான் என் கதை. அன்றைக்கே அந்தப் பலகைகளை மதிலோரம் வெயிலில் கிடக்க விட்டிருந்தால், வாங்கிக்கொள்ளவில்லை என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். நான் அவரை அவமானப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு பலகையாகச் சிமெண்ட் போட்டுச் சம்மதம் சொல்லியிருக்கிறேன். முட்டிபோட்டுத் துடைத்து வேறு வைத்திருக்கிறேன். அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

"கையெழுத்துப் போட மாட்டேனுங்ணா," என்றேன். "எனக்குப் பங்கு வேணும்."

வீட்டுக்காரர் எழுந்து நின்றார். போவதற்குப் பண்ணை பக்கத்தில் இருந்தும் அன்றைக்குப் போகவில்லை.

அண்ணனுடைய சிரிப்பு போய்விட்டது. "பங்கு வேணும்னா எடுத்துக்க. ஆனா பொறந்த ஊடுன்னு ஒண்ணு உனக்கு இல்லை. ரெண்டுல எது வேணும்னு நீயே சொல்லு."

"அந்த ஊட்டுல நான் எங்க குளிச்சேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அவருக்கு ஞாபகம் இல்லை. இருக்க நியாயமும் இல்லை, ஏனென்றால் ஆண்கள் எழுந்திரிப்பதற்குள் நான் குளித்து முடித்துவிட வேண்டும். மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் சோளத்தட்டை வைத்துக் கட்டிய ஒரு மறைப்பு. ஒரு பக்கம் மாடு தின்றுவிடும், அந்தப் பக்கம் பழைய சேலையைக் கட்டிக்கொள்வேன். உட்கார்ந்தபடியே, எந்திரிக்காமல், காலடிச் சத்தம் கேட்டால் அப்படியே உறைந்துபோய். கல்யாணம் வரைக்கும் அப்படித்தான். என்னைக் கட்டிக்கொடுத்த அடுத்த வருடம், வருகிற மருமகளுக்கு வேண்டுமே என்று அப்பா தளம் போட்டுக் குளியலறை கட்டினார். இதையெல்லாம் நான் அன்றைக்கு ஹாலில் நின்று சொன்னேன். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அவள்தான் அந்த மருமகள்.

"உங்க ஊட்டுல எனக்கு என்ன எடம் இருந்துச்சுன்னு இப்ப இல்லைங்கறீங்க?" என்றேன்.

அண்ணன் எழுந்து, "கெளம்பு," என்று அண்ணியிடம் சொன்னார். இலை போட்டிருந்தது, சோறு வடித்திருந்தது. அண்ணன் சாப்பிடாமல் போனால் தங்கச்சி பின்னாலேயே ஓடிக் கூப்பிட வேண்டும் என்பது வழக்கம். நான் ஓடவில்லை. வீட்டுக்காரர் கேட் வரைக்கும் போய், "மச்சான், ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். வண்டி போன பிறகு எனக்கு இரக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பயம்தான் வந்தது.

சித்தப்பாவின் கருமாதி முடிந்த மூன்றாம் நாள், ஒரு சின்ன லாரி வந்தது. நாலு ஆட்கள், உடைக்கிற மெஷினோடு இறங்கினார்கள். அதில் மூத்தவர் என் முகத்தைப் பார்க்காமலே, "கல்லைப் பேத்து எடுத்துட்டு வரச் சொன்னாருங்க," என்றார்.

சீரைத் திரும்ப வாங்குவது என்பது எங்கள் பக்கம் தலை முழுகுவதற்குச் சமம். பங்காளிச் சண்டையில்கூட யாரும் அதைச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்காரர் அண்ணனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார், அவர் எடுக்கவில்லை. நான் உள்ளே போய், வாளி, குவளை, துண்டு, ஷாம்பு பாட்டில், அதன் தட்டு எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்துவிட்டேன். "வாங்க, எடுத்துக்குங்க," என்றேன்.

மேஸ்திரி நன்றாக ஒட்டியிருந்தார். ஒரு பலகையும் முழுதாக வரவில்லை. மெஷின் வைத்த இடமெல்லாம் வெடித்தது. இரண்டு பலகை பெயர்ந்ததும் அந்த மூத்தவர் வெளியே வந்து, "ஒடையாம வராதுங்களே அம்மிணி. துண்டு துண்டாத்தான் வருது. எடுத்துட்டுப் போயி என்ன பண்றது?" என்று என்னிடமே கேட்டார்.

"அதை அவருகிட்டக் கேளுங்க. ஆனா ஒரு துண்டுகூட இங்க மிச்சம் இருக்கக் கூடாது."

மதியம் வரைக்கும் உடைத்தார்கள். வீடு முழுக்க வெள்ளைத் தூசி. கோழிகள் சத்தத்தில் மிரண்டு கத்திக்கொண்டே இருந்தன. கூடையில் அள்ளி அள்ளி லாரியில் கொட்டினார்கள். நான் நாலு பேருக்கும் சோறு போட்டேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் மூத்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். லாரி ஆபீசில் சரக்கு ஏற்றும்போது எழுதுகிற சீட்டு.

"கல்லைத் திருப்பி ஒப்படைச்சாச்சுன்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். தோட்டத்தைப் பற்றியோ பங்கைப் பற்றியோ எங்காவது ஒரு எழுத்து இருக்கிறதா என்று முன்பக்கம் படித்தேன், பின்பக்கம் திருப்பிப் படித்தேன், மறுபடியும் முன்பக்கம் படித்தேன். மார்பிள் கல், உடைந்தது, என்று மட்டும்தான் இருந்தது. பேனா கேட்டேன். சந்தோஷமாகப் போட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய்யாகிவிடும். என் பேரை முழுதாக எழுதி, கீழே தேதியும் போட்டேன். என் அண்ணனுக்கு நான் போட்டுக் கொடுத்த கையெழுத்து அது ஒன்றுதான்.